அஞ்சு ரூபாய் பிருந்தா

ஜூன் 9, திங்கள்

சோளக் குருணையைப் பொரித்துத் தள்ளும் மெஷினில் பெல்ட் அறுந்து காலை வேலை முழுக்கக் கெட்டது. பெருந்துறையிலிருந்து மெக்கானிக் வந்து சேரும் வரை பேக்கிங் பெண்கள் உட்கார்ந்து கதை பேசினார்கள். அவர்கள் பேசும் கதைக்கும் சேர்த்துத்தான் நான் சம்பளம் தருகிறேன்.

ஆனாலும் இன்று நல்ல நாள். சித்தோடு, பவானி பக்கம் சரக்கு வண்டி ஓட்டும் மாரப்பன் சாயங்காலம் ஒரு விஷயம் சொன்னான். இன்ஜினியரிங் காலேஜ் பக்கத்துக் கடைகளில் பையன்கள் வாயைத் திறந்தால் 'பிருந்தா' என்கிறார்களாம். பாக்கெட் கேட்கும்போது மட்டும் இல்லை, சும்மா பேசும்போதும்.

"சும்மா பேசறப்பன்னா எப்படிடா?"

"அது ஒரு பேச்சாவே ஆயிப்போச்சுங்க மொதலாளி. 'இது பிருந்தாடா, அது பிருந்தாடா'ங்கறானுக."

"நல்லா இருக்குதுங்கறதுக்கா?"

"அப்படித்தானுங்க இருக்கும்," என்று மென்று முழுங்கிவிட்டு, காலிப் பெட்டிகளை இறக்கப் போய்விட்டான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வனஸ்பதிக்கும் சலவைத் தூளுக்கும் ஒரு கம்பெனியின் பெயரையே ஊர் சொல்லும். அந்த வரிசையில் இந்தக் காஞ்சிக்கோயில் சென்னியப்பனின் மசாலா உருண்டையும் சேர்ந்துவிட்டது. எங்கள் பக்கம் பஸ், போர்வெல் வண்டி, தறிப்பட்டறை எதுவானாலும் வீட்டுப் பெண் பெயரை வைப்பார்கள். வீட்டு லட்சுமி தொழிலிலும் நிற்பாள் என்று நம்பிக்கை. நான் பெயரோடு விடவில்லை. நாலு வயதில் பிருந்தாவுக்கு ரெட்டைச் சடை போட்டு, கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, கோபியில் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் எடுத்த படத்தை பாக்கெட்டிலேயே போட்டேன். இன்றைக்கு ஈரோட்டிலிருந்து சத்தி வரை என் பெண்ணின் முகம் சரம் சரமாகத் தொங்காத பெட்டிக்கடை கிடையாது. எத்தனை அப்பன் இப்படிச் செய்திருப்பான்?

ஜூன் 13, வெள்ளி

சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். பிருந்தா அந்தக் காலேஜில்தான் போன வருஷத்திலிருந்து கணக்கு டீச்சராக இருக்கிறாள். உதவிப் பேராசிரியர் என்று சொல்ல வேண்டுமாம். அவள்தான் முதலில் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"யாருங்கப்பா சொன்னாங்க?"

"மாரப்பன்."

"அர்த்தம் என்னன்னு சொன்னாருங்களா?"

"நல்லதாத்தான் இருக்கும், பிருந்தா. கெட்டத எவன் வாய் நெறையச் சொல்லிட்டுத் திரியறான்?"

தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டாள். ருக்குமணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். தாய்க்கும் மகளுக்கும் நல்ல செய்தியைத் தாங்கும் மனசு கிடையாது.

ஜூன் 17, செவ்வாய்

பாமாயில் மறுபடி விலை ஏறிவிட்டது. பாக்கெட்டுக்கு இரண்டு உருண்டை குறைக்கச் சொல்லிவிட்டேன். காற்றைக் கொஞ்சம் கூட்டினால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

ஜூன் 24, செவ்வாய்

இன்று அர்த்தம் தெரிந்துவிட்டது.

முடி வெட்டப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் யாரோ ஒருத்தன், முகத்தில் சோப்பு நுரையோடு, அவன் போய்வந்த கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். "பந்தல் என்ன, லைட்டு என்ன, வாசல்ல யானை என்ன! பந்தில போயி உக்காந்தா அத்தனையும் பிருந்தாங்க. எலையில பாதிக்கு மேல வெறும் எலை." கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்டிக்கொண்டிருந்த பழனிச்சாமியின் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் தினத்தந்தியைப் பார்த்தேன்.

அதாவது, வெளியே உப்பலும் உள்ளே ஒன்றும் இல்லாததும் பிருந்தா. பெரிய பேச்சு பேசிவிட்டுக் காரியத்தில் கோட்டை விடுகிறவன் பிருந்தா. இதுதான் அவர்கள் கண்டுபிடித்த அகராதி.

எனக்கு ஆத்திரமாக வந்தது. எந்தக் கம்பெனிக்காரன் பாக்கெட்டில் காற்று இல்லை? கோட்டு சூட்டுப் போட்ட பெரிய கம்பெனிக்காரன் அடைத்தால் அது டெக்னாலஜி, சென்னியப்பன் அடைத்தால் கேலியா? ஐந்து ரூபாயை ஆறாக்கினால் கடைக்காரன் சரத்தைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவான், சில்லறைக்கு எங்கே போவது என்பான். அதனால் விலையைத் தொடக்கூடாது, உள்ளே இருப்பதைத்தான் தொட வேண்டும். தொழில் தெரியாதவனுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

வீடு வரும் வழியில் மனசு ஆறிவிட்டது. கேலியோ கிண்டலோ, பெயர் வாயில் இருக்கிறது. நாளைக்கு இதே ஆள் தன் பிள்ளைக்குத் தின்பண்டம் வாங்கப் போனால் எந்தப் பெயர் முதலில் வரும்? விளம்பரத்துக்கு அள்ளிக் கொடுத்தாலும் இப்படி ஊரெல்லாம் பரவாது.

ஜூலை 2, புதன்

பிருந்தா பட்டறைக்கு வந்தாள். காலேஜுக்குக் கட்டிய புடவையோடு, மத்தியானத்திலேயே. அவள் இங்கே வந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். பேக்கிங் பெண்கள் அவளையும் கையில் இருந்த பாக்கெட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

"அப்பா, ஒண்ணு பாக்கெட்ட ரொப்புங்க. இல்லாட்டி என்ற பேரையும் படத்தையும் எடுத்துருங்க."

உட்காரக்கூட இல்லை. நான் டீ வாங்கிவரச் சொன்னேன், வேண்டாம் என்றாள்.

"எவனோ நாலு பசங்க பேசறதுக்கெல்லாம்..."

"நாலு பசங்க இல்லீங்கப்பா. நா கிளாஸுக்குள்ள போனா கடைசி பெஞ்சுல ஒருத்தன் காலி பாக்கெட்ட ஊதி ஒடைக்கறான். போர்டுல எழுதத் திரும்புனா இன்னொருத்தன். கணக்கு தப்பா போட்ட பையன 'ஏன்டா பிருந்தா'ங்கறாங்க. அப்பறம் என்னப் பாத்து, 'சாரி மேடம், உங்களச் சொல்லல'ங்கறாங்க. கிளாஸே சிரிக்குது."

"கம்ப்ளெயிண்ட் குடு. பிரின்சிபால்கிட்ட நா வேணா பேசறேன்."

"என்னன்னு குடுக்கறதுங்கப்பா? என்ற பேரச் சொன்னாங்கன்னா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பொண்ணுங்கள வெச்சும் சொல்றாங்க. முன்னாடி அஞ்சு ரூபாய்ங்கறதயும் சேத்துக்குவாங்க. அதுக்கு அர்த்தம் வேற. அத என்ற வாயால உங்ககிட்டச் சொல்ல முடியாது."

மெஷின் சத்தம் அதிகமாக இருந்தது. என்ன அர்த்தம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பாக்கெட்டுக்கான ரோல் சிவகாசியில் அச்சடித்து வந்து மலையாகக் கிடப்பதையும், வருகிறது ஆடி மாதம், அதில் எதையும் மாற்றக்கூடாது என்பதையும் எடுத்துச் சொன்னேன். "ஆடி போகட்டும், இருக்கற ரோல் தீரட்டும். அப்பறம் பாக்கலாம், பிருந்தா."

"நெஜமாத்தானுங்களா?"

"அப்பன் பேச்சுல என்ன பொய்யி?"

தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் போவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. சின்னதில் இதே வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, சரத்தில் தன் முகத்தை எண்ணிக்கொண்டு நிற்பாள்.

ஜூலை 5, சனி

சிவகாசியில் ரோல் விலை ஏறப்போகிறதாம். ஏறுவதற்கு முன் இன்னொரு ஆர்டர் போட்டுவிட்டேன், பழைய டிசைனிலேயே.

ஜூலை 19, சனி

காலேஜிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். ஆகஸ்டில் ஆண்டு விழா, கம்பெனி சார்பில் ஏதாவது செய்ய வேண்டும் என்றார்கள். கை கட்டிக்கொண்டு மரியாதையாகப் பேசினார்கள். இந்தப் பிள்ளைகளையா பிருந்தா அப்படிச் சொன்னாள்?

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. கட்சி மாநாட்டுக்கு ராட்சத பலூன் செய்து தருகிறவர்கள் கோவையில் இருக்கிறார்கள். நம் பாக்கெட்டையே இரண்டு மாடி உயரத்துக்கு, பெண்ணின் படத்தோடு, காற்றடித்து மைதானத்தில் நிறுத்தினால்? மேடையில் பிருந்தாவைக் கூப்பிட்டு, இந்தப் படத்தில் இருப்பது இவர்தான் என்று அறிவித்துவிட்டால்? முதலாளியின் மகள், இவள் பெயரில்தான் கம்பெனியே ஓடுகிறது என்று தெரிந்தால் கேலி பேசினவனெல்லாம் வாயை மூடிக்கொள்வான்.

சொன்னதும் பையன்களுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒருத்தன் இருமல் வந்து வெளியே ஓடிவிட்டான். பிருந்தாவிடம் சொல்ல வேண்டாம், அன்றைக்குத் தெரியட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. பவானி கூடுதுறையில் கால் வைக்க இடமில்லை. ருக்குமணி, பிருந்தாவுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று ஆற்றில் காதோலை கருகமணி விட்டாள். பெருந்துறையிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்து, பையன் வீட்டில் ஏனோ சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். காரணம் கேட்டேன், ருக்குமணி சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

விழா முடிந்து வந்து எழுதுகிறேன். எல்லாம் அமர்க்களம்.

பாக்கெட் மேடைக்குப் பின்னால் கோபுரம் மாதிரி நின்றது. இரண்டு மோட்டார் வைத்துக் காற்று ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். ரெட்டைச் சடையும் மைப்பொட்டுமாக நாலு வயது பிருந்தா ஊரையே பார்த்துச் சிரித்தாள். பையன்கள் வரிசையில் நின்று அதைக் குத்தி விளையாடினார்கள், செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் முகத்தில்தான் குத்தினார்கள். கைக்கு எட்டும் உயரத்தில் அதுதான் இருந்தது. இளவட்டங்கள்.

ருக்குமணி வரவில்லை, முழங்கால் வலி என்றாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பொன்னாடை போட்டார்கள். அப்புறம் மைக்கில் பேசிய பையன், "இப்ப உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச, நீங்க தெனமும் வாயால சொல்ற அந்தப் பேருக்குச் சொந்தக்காரங்க!" என்றான். அவ்வளவுதான், மைதானமே எழுந்துவிட்டது. "பிருந்தா! பிருந்தா!" என்று ஒரே குரலாகக் கத்தினார்கள். பெண் பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். ஊதின பாக்கெட்டுகளை மேலே வீசினார்கள், எங்கு பார்த்தாலும் பட்டாசு வெடித்த மாதிரிச் சத்தம். பேராசிரியர்கள் வரிசையில்கூடச் சில பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டேன்.

ஆசிரியர்களோடு உட்கார்ந்திருந்த பிருந்தா மெதுவாக மேடை ஏறினாள். அந்தப் படம் அவளுக்குப் பின்னால் இருந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பேசச் சொன்னார்கள். சத்தம் அடங்கட்டும் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடங்கவே இல்லை. கடைசியில், "மழ வர்றாப்பல இருக்குது, எல்லாரும் பாத்து வீட்டுக்குப் போங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தப் பக்கப் படி வழியாக இறங்கிவிட்டாள். இப்படியொரு வரவேற்புக்கு இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

காரில் பின்சீட்டில் உட்கார்ந்தாள். பாதி வழி வந்தோம். அப்புறம் கேட்டாள்.

"அவங்க எதுக்குக் கை தட்டுனாங்கன்னு உங்களுக்கு நெஜமாவே தெரியலீங்களாப்பா?"

"தெரியும், பிருந்தா," என்றேன்.

என்ன தெரியும் என்று சொன்னேன் என்பது இப்போது யோசித்தால் சரியாகப் பிடிபடவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

பிருந்தா காலேஜுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்றாள் ருக்குமணி. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

சரக்கு போதவில்லை. விழாவில் எடுத்த வீடியோ செல்போன் செல்போனாகப் போகிறதாம், கோவை, சேலம் வரை கடைக்காரர்கள் கேட்டு அனுப்புகிறார்கள். ஓவர்டைம் போட்டிருக்கிறேன். பெயர் வாயில் இருந்தால் சரக்கு ஓடும் என்று நான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

மாரப்பன் மட்டும் உற்சாகம் இல்லாமல் நின்றான். "வாங்கறாங்க மொதலாளி, திங்கறதில்லீங்க. ஊதி ஒடச்சு வீடியோ எடுக்கத்தான் வாங்கறாங்க. கடைக்கு முன்னால உருண்டையெல்லாம் கொட்டிக் கெடக்குது."

"தின்னா என்ன, ஒடச்சா என்ன? காசு குடுத்துத்தான வாங்கறான்?"

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க," என்றான்.

உன் பெண்களைப் பற்றி இங்கே யார் கேட்டது? வாய் நீளுகிறது. நாளையிலிருந்து அவனை அந்தியூர் மலைப்பக்கம் அனுப்பப்போகிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பிருந்தா வேலையை விட்டுவிட்டாள். எங்களைக் கேட்காமல் ராஜினாமா கொடுத்து, கோவையில் ஏதோ கோச்சிங் சென்டரில் வேலை தேடிக்கொண்டு, லேடீஸ் ஹாஸ்டலிலும் இடம் பிடித்துவிட்டாள். பெட்டி வாசலில் இருந்தது.

"சொந்தமா கம்பெனி இருக்கு, இங்க வந்து ஆபீஸப் பாத்துக்க. கை நீட்டி இன்னொருத்தன்கிட்ட சம்பளம் வாங்கோணுமா?"

"வேண்டாங்கப்பா," என்றாள். சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு, விருந்தாளி மாதிரி, "வர்றேனுங்கப்பா," என்று கிளம்பினாள்.

பஸ் ஏற்றிவிட்டு வந்த ருக்குமணியிடம், நீதான் செல்லம் கொடுத்துக் கெடுத்தாய் என்று சத்தம் போட்டேன். முப்பது வருஷத்தில் எதிர்த்துப் பேசாதவள் இன்று பேசினாள்.

"பொண்ணுக்குன்னு ஒரு பேரு வெச்சீங்க. அப்பறம் அத வித்துப்போட்டீங்க. இப்ப அவகிட்ட என்ன இருக்குது?"

சோறு போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டேன். குழம்பில் உப்பு இல்லை, கேட்கவும் ஆள் இல்லை.

செப்டம்பர் 3, புதன்

யாரும் என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று சொல்லக்கூடாது. பாக்கெட்டுக்கு ஓர் உருண்டை கூட்டிவிட்டேன். 'இப்போது 20% அதிகம்' என்று மஞ்சள் வட்டமும் போடச் சொன்னேன். பிருந்தாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ரொப்பிட்டேன், பிருந்தா."

"மொதல்ல இருந்த அளவுக்கானுங்கப்பா?"

"கிட்டத்தட்ட."

"சரிங்கப்பா," என்றாள். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. நான் அடுத்த வார்த்தையை யோசிப்பதற்குள் போன் கட்டாகிவிட்டது.

செப்டம்பர் 15, திங்கள்

அநியாயம். ஆத்தூர் பக்கம் எவனோ 'பிருந்தா ஸ்டார்' என்று பாக்கெட் இறக்கியிருக்கிறான். அதே மஞ்சள், அதே சிவப்பு எழுத்து, ரெட்டைச் சடையோடு எவள் பெற்ற பிள்ளையோ ஒன்று சிரிக்கிறது. ஈரோட்டில் வக்கீல் துரைராஜைப் போய்ப் பார்த்தேன்.

"பேரை ரிஜிஸ்டர் பண்ணியிருக்கீங்களா?"

இல்லை. இத்தனை வருஷம் யார் இதையெல்லாம் நினைத்தார்கள்?

"இன்னொரு சிக்கல் இருக்குதுங்க. ஊர்ல இந்தப் பேரைச் சாதாரணப் பேச்சுல வேற அர்த்தத்துல சொல்றாங்களாமே? என்ற பையனே வீட்ல சொல்றான். எதிர்த்தரப்பு அதத்தான் புடிப்பான். இது எவனுக்கும் சொந்தமான பேரு இல்ல, ஊர் வழக்கு, யார் வேணும்னாலும் போடலாம்பான்."

நான் மேஜையில் தட்டிவிட்டேன். "ஊர் வழக்கா? அது என்ற பொண்ணு பேருங்க! ஒரு பொண்ணோட பேர எடுத்துக் கண்டவனும் பாக்கெட்டுல போட்டு வித்தா அத சும்மா உட்டுட்டுப் போறதா? மானம் இருக்குதுங்களே!"

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வக்கீல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதேதானுங்க," என்றார். "உயிரோட இருக்கறவங்க பேரும் படமும்ங்கறதால, உங்க பொண்ணோட ஒப்புதல் வேணும். ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க."

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்தேன். வருஷா வருஷம் கற்பூரம் ஏற்றுவது பிருந்தா. போன் போட்டேன், எடுக்கவில்லை. கையெழுத்து விஷயத்தை நீ சொல் என்றால் ருக்குமணி காதிலேயே வாங்குவதில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பிருந்தா வரவில்லை. ருக்குமணி விடிந்ததும் பலகாரத்தைத் தூக்குப் போசியில் எடுத்துக்கொண்டு கோவைக்குப் பஸ் ஏறிவிட்டாள். "நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்கவில்லை.

வீட்டில் நான் மட்டும். மத்தியானம் பசித்தது. ஸ்டோர் ரூமில் ஒரு சரம் தொங்கியது, ஒரு பாக்கெட்டைப் பிரித்தேன். புஸ்ஸென்று காற்று போனது. உள்ளங்கையில் கொட்டினால் உள்ளங்கை நிறையவில்லை. எனக்கே கோபம் வந்துவிட்டது. பேக்கிங்கில் யாரோ கை வைக்கிறார்கள். நாளைக்கு விசாரிக்க வேண்டும்.

நவம்பர் 12, புதன்

கோவைக்கு நேரிலேயே போய்விட்டேன். ஹாஸ்டலில் வருகிறவர்களைப் பார்ப்பதற்கென்று ஒரு சின்ன அறை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பிருந்தா வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. வாடிப்போயிருப்பாள், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்வாள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

டீ வாங்கிவந்து கொடுத்தாள். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நான் ஆத்தூர்க்காரன் செய்த அக்கிரமத்தை முழுவதும் சொன்னேன். வக்கீல் கேட்ட ஒப்புதல் காகிதத்தை நீட்டினேன்.

"எங்க போடோணுங்க?"

அவ்வளவுதான். படித்துக்கூடப் பார்க்காமல் பேனாவை வாங்கிப் போட்டுவிட்டாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. எத்தனை கோபம் இருந்தாலும் அப்பன் என்று வரும்போது ரத்தம் விட்டுக்கொடுக்குமா? சந்தோஷத்தோடு காகிதத்தை வாங்கிப் பார்த்தேன்.

'ரு. யாமினி' என்று போட்டிருந்தாள். கீழே அடைப்புக்குள் 'முன்னர் செ. பிருந்தா'.

"இது என்ன?"

"பேர மாத்திக்கிட்டேனுங்கப்பா. போன வாரம் கெஜட்டுல வந்துருச்சு. சர்ட்டிபிகேட், ஆதார் எல்லாம் மாத்தக் குடுத்திருக்கேன்."

"என்னக் கேக்காம..."

"நா உங்களக் கேட்டேன், பட்டறைக்கே வந்து கேட்டேன். உங்களால மாத்த முடியாதுங்கப்பா. ரோலு, மெஷினு, வண்டி, போர்டு, அத்தனையிலயும் அந்தப் பேரு இருக்குது. நா ஒருத்திதான? நா மாத்திக்கறது சுலபம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். மாணவனுக்குக் கணக்குச் சொல்லித்தருகிற மாதிரிப் பொறுமையாகச் சொன்னாள்.

"சரி, பேரத்தான் மாத்துன. இனிஷியல் எங்க போச்சு? ரு யாரு?"

"ருக்குமணி. அம்மா பேரு."

"அப்பன் உசுரோடதான இருக்கேன்?"

"செ-ன்னு போட்டா எந்தச் சென்னியப்பன்னு கேப்பாங்க. சொன்னா, ஓ அந்த பிருந்தாவாம்பாங்க. மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். என்னால ஆகாதுங்கப்பா."

டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. வகுப்புக்கு நேரமாகிறது என்று எழுந்தாள். வாசல் வரை வந்து, பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று காட்டினாள். கேட்டில் இருந்த காவல்காரப் பெண், "யாமினி மேடம், யாரு, ஒறம்பரையா, சொந்தக்காரங்களா?" என்று கேட்டது. "ஆமாங்க," என்றாள்.

பஸ்ஸில் அந்தக் காகிதத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெயரை வைக்க நான் ஜோசியரிடம் எத்தனை நடை நடந்தேன் என்று அவளுக்குத் தெரியாது.

நவம்பர் 14, வெள்ளி

வக்கீல் துரைராஜ் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். "ரொம்ப நல்லதாப் போச்சுங்க. இனி இந்தப் பேர்ல ஒரு ஆள் வந்து நாளைக்கு உரிமை கேக்கமாட்டாங்க. பேரு முழுசும் கம்பெனிக்குத்தான்." எழுந்து கை கொடுத்தார். நானும் கொடுத்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

பாமாயில் வரவில்லை. மெஷின் சும்மா கிடக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். சமையலறையில் ருக்குமணி போனில் பேசிக்கொண்டிருந்தாள். "யாமினி, சாப்டியா சாமி? பச்சத் தண்ணில தலைக்கு ஊத்தாத," என்று வாய்க்கு வாய் அந்தப் பெயரைச் சொன்னாள். பிறந்ததிலிருந்து அதையே சொல்லிக் கூப்பிட்டவள் மாதிரி, அவளுக்கு ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

வாயைக் கொப்புளித்துவிட்டுப் போய் நின்றேன். "யாரு?" என்றேன், தெரிந்துகொண்டேதான்.

"என்ற பொண்ணு," என்றாள்.

"நானும் ரெண்டு வார்த்த பேசறேன்னு சொல்லு."

சொன்னாள். அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. ருக்குமணி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பேசறாளாம். ஆனா என்ன பேரு சொல்லிக் கூப்புடுவீங்கன்னு கேக்கறா."

கையை நீட்டிக்கொண்டு நின்றேன். பழைய பெயர் நுனிநாக்கு வரை வந்தது. அதைச் சொல்லக்கூடாது என்று எனக்கே தெரிந்தது. புதுப் பெயருக்கு வாயைத் திறந்தேன், வெறும் காற்றுதான் வந்தது. ருக்குமணி கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு, "நீ சொல்லு சாமி," என்றபடி உள்ளே போய்விட்டாள்.